உப்புக்கிணறு குழுவின் கடைசி வருடம்

9 நவம்பர் 1997

ஞாயிறு. கிணத்துக்கடவில், வெங்கடபதியின் தென்னந்தோப்புச் சாளை வீட்டுக்குள் காலையிலிருந்து வாசிப்பு. ஒரே பாட்டு ஐம்பது நிமிடம் போனது! ‘உப்புக்கிணறு’ தொடங்கிய இந்த ஐந்து வருடத்தில் இப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. யாகூபின் கிடார் அழுகிறதா சிரிக்கிறதா என்றே தெரியவில்லை. வெங்கடபதி டிரம்ஸில் பேய் பிடித்தவன். நான் பேஸ் கிடாரில் இரண்டே சுரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். கேட்டவர்கள் தேங்காய் உரிக்க வந்த நாலு பேர். “ஏனுங்க, பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?” என்றார் ஒருவர்.

ஜனவரியில் ஒரு கல்லூரி விழாவில் மேடை தருகிறார்கள். எங்கள் முதல் மேடை.

2 டிசம்பர்

கோவையில் கலவரம், ஊரடங்கு. கடைகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். யாகூப் வீடு உக்கடத்தில். ஒருவழியாகப் போன் கிடைத்தது. “உசுரோட இருக்கறேன்டா. கிடாரும்தான்” என்றான்.

21 டிசம்பர்

வெங்கடபதியின் அப்பா காபி கொடுத்து உட்கார வைத்தார். “கண்ணு, யாகூபு தங்கமான பையன்தானுங்க. ஆனா இப்பத்திக்குத் தோட்டத்துப் பக்கம் வேண்டாஞ்சாமி, ஊருல பேசறாங்க. மேடைக்கும் வேற ஆளப் போட்டுக்குங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இத்தனை மரியாதையோடு எப்படிச் சண்டை போடுவது? தலையாட்டிவிட்டேன். வெங்கடபதி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

23 டிசம்பர்

யாகூபிடம் விழா ரத்து என்று பொய் சொன்னேன். “விடு மதனு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்று என்னைத் தேற்றினான். என்னை!

24 ஜனவரி 1998

கல்லூரியின் வழக்கமான மைக்செட்காரர் தை முகூர்த்தத்தில் மாட்டிக்கொண்டார். பதிலுக்கு அவர்கள் பிடித்தது யாகூபின் மாமா கடையை. ஒயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மேடை ஏறியவன் யாகூப்.

எங்களைப் பார்த்தான். அவன் நிற்க வேண்டிய இடத்தில் வெங்கடபதியின் மச்சான் கிடாரோடு நின்றான். யாகூப் அந்த மச்சானின் உயரத்துக்கு மைக்கை இறக்கி, “ஹலோ, செக், ஒன் டூ” என்றான். நோன்பு நாள், உதடு காய்ந்து வெடித்திருந்தது.

நாலு நிமிடம் வாசித்தோம். கைதட்டினார்கள். பாவிங்க, கைதட்டுறாங்க!

அன்னிக்கு வெங்கடபதி அப்பாகிட்ட ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை — பேசியிருந்தா என்னடா மதனு, செத்தா போயிருப்பே?

14 பிப்ரவரி

ஊரெங்கும் குண்டு வெடித்திருக்கிறது. யாகூபுக்குப் போன் செய்யப் போய், நாலாவது எண்ணோடு வைத்துவிட்டேன். எந்த முகத்தோடு கேட்பது?

3 மே

வெங்கடபதி டிரம்ஸை விற்றுவிட்டான். சாளையில் கொப்பரை காய்கிறது.

11 ஆகஸ்ட்

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் யாகூப். கூடவே அவன் தங்கை மாப்பிள்ளை. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அந்த மாப்பிள்ளை, “யாரு மச்சான் இவரு?” என்றார்.

யாகூப் சிரித்த முகமாகவே சொன்னான்: “ஒரு காலேஜ் விழாவுல நம்ம மைக்செட்ல வாசிச்சாரு. அதான் பழக்கம்.”

கையை எடுத்துக்கொண்டேன். “ஆமாங்க” என்றேன்.