கார்டைக் கழற்றாத இயந்திரம்

12 நவம்பர் 2008, புதன்

எந்தப் புல்வெட்டும் இயந்திரத்தை வாங்கினால் மரியதாஸின் கண்ணுக்கு ஆபத்து வராது? யோசித்துப் பார்க்கிறேன்.

காலையில் தேவாரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் எங்களுக்குப் புல் வெட்டும் வேலை. என்னிடம் இயந்திரம் ஓட்டுபவர் மரியதாஸ். மழையில் நனைந்த புல் சிக்குகிறதென்று, பிளேடை மறைக்கும் கார்டைக் கழற்றி வைத்துவிட்டார். பிளேடில் பட்டுத் தெறித்த கல் அவர் காதைக் கிழித்துவிட்டுப் போனது.

"இனிமேல் கார்டை மாட்டிட்டு ஓட்டுங்க" என்றேன்.

"மாட்டுனா நின்னு நின்னு புல்லைப் பிடுங்கணும்க்கா. எல்லாரும் கழட்டிட்டுத்தான் ஓட்டுறாக. எங்க வீட்டுக்காரிகூட இம்புட்டுப் பயப்பட மாட்டா" என்று சிரித்தார், காதில் துண்டை அழுத்தியபடி.

சாயங்காலம் தேனியில் கடைக்காரர் இரண்டு புது இயந்திரங்களைக் காட்டினார். "ஈரப்புல்லுல கார்டோட ஓடுமா?" என்று கேட்டேன்.

"சூப்பரா ஓடும் மேடம்" என்றார், சிமெண்ட் தரையில் நின்றுகொண்டு.

நான் நம்பவில்லை. தோப்பில் ஓட்டிக் காட்டினால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டிலும் புல் சிக்கினால் என்ன செய்வது? கல் கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால்...

வியாழன்

கடைக்காரர் இரண்டையும் தோப்புக்கே கொண்டுவந்தார். முதல் இயந்திரத்தில் புல் சிக்கியது. மரியதாஸ் உடனே கார்டைக் கழற்ற ஸ்பேனரை எடுத்துவிட்டார். இரண்டாவதில் கார்டின் வாய் அகலம், புல் தானாக வெளியே விழுந்தது. பாதி வரப்பில் 'டங்' என்று ஒரு கல் கார்டில் மோதியது. அவர் இன்ஜினை அணைத்து, அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதையே எடுத்துக்கிருவோம்க்கா."

வாங்கினேன். அவர் சாப்பிடப் போனதும் ஸ்பேனரை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.