கைதட்டிய விருந்தினர்

டிரோம்சோ அருகே, படகில்
மார்ச் 9

அன்புள்ள அப்பா,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று நான் வழிகாட்டும் பனிச்சறுக்கு விருந்தினர் குழுவை மலை உச்சிக்கு அழைத்துப் போனேன். பின்னால் மலைகளுக்கு நடுவே நுழையும் கடல், அந்த ஃபியோர்டு, தெரிய, ஒஸ்லோக்காரர் ஹால்வரைப் படம் எடுத்தேன். "இன்னும் ஒரு அடி பின்னால போங்க" என்றேன். பிறகு எல்லோரும் கரைவரை சறுக்கி இறங்கினோம். படகில் கோகோ குடிக்கும்போது, அவர் நின்ற பனி விளிம்பு அப்படியே உடைந்து சரிவில் கொட்டியது. விருந்தினர் கைதட்டினார்கள்.

"இதையும் நீதான் ஏற்பாடு பண்ணினியாம்மா?" என்றார் ஹால்வர். நானும் சிரித்தேன். கோப்பையைத்தான் கீழே வைக்க வேண்டியிருந்தது.

உங்கள் கம்பளிக் கையுறைகளை அனுப்புங்கள். பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. கை சூடேறவே மாட்டேன் என்கிறது.

சிறுவயதில் பாதி மலையிலிருந்து என்னைத் திருப்பி அழைத்து வந்தீர்களே, "பயந்தாங்கொள்ளி அப்பா" என்று வழியெல்லாம் கேலி செய்தேனே. அன்று எதைப் பார்த்தீர்கள்? உடனே எழுதுங்கள்.

கூப்பிடுகிறார்கள். ஹால்வருக்கு இன்று அதே உச்சியில் இன்னொரு படம் வேண்டுமாம்.

இங்வில்