பிள்ளையின் கண்ணில் மஞ்சள்

நவ. 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மூட்டம். துணி எதுவும் காயவில்லை. செண்பகனூர் வளைவில் டவுன் பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது, பஸ் தெரியவில்லை. பையன் பிறந்து மூன்று வாரம். குளிருக்குப் பயந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மாசமாக இருந்தபோது பஜாரில் வாங்கியவை: ஸ்வெட்டர், தொப்பி, சாக்ஸ், கம்பளி. பூச்சி அரிக்கக்கூடாது என்று கை நிறையப் பாச்சா உருண்டை போட்டு வைத்திருந்தேன். பாதி கரைந்திருந்தது. துணியில் ஒரு ஓட்டை இல்லை.

செல்வி மதினி மூக்கைச் சுளித்தார். என் வீட்டுக்காரர் மு.வின் அக்கா. எனக்கு அம்மா இல்லாததால் பிள்ளை பார்க்கப் பூண்டியிலிருந்து வந்திருக்கிறார்.

"ஒரு வெயில் காட்டிட்டுப் போடும்மா. இந்த வாடைக்கு எனக்கே தலைய வலிக்குது."

வெயிலுக்கு எங்கே போக? காரணம் வேறு. தன் மகள் போட்ட பழைய ஸ்வெட்டர்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்திருக்கிறார். அதைப் போட வைக்கத்தான் இந்தத் தலைவலி. நான் புதியதையே போட்டேன். கம்பளியிலும் சுற்றினேன்.

நவ. 13, புதன்

மழை. வாங்க வேண்டியது: டயப்பர், ரவை, கேஸ் லைட்டர்.

மு. போன். தாண்டிக்குடியில் காப்பிப் பழம் எடுக்கும் சமயம், அவர் ஓட்டும் ஜீப்புக்கு ஓயாத நடை. சனிக்கிழமைதான் வர முடியுமாம்.

மதியம் கண் அசந்துவிட்டேன். விழித்தால் பக்கத்தில் பையன் இல்லை. சமையலறையில் மதினியின் மடியில். தலையில் தொப்பி இல்லை. தொப்பி அடுப்புக்கு மேலே கயிற்றில்.

"ஏன் மதினி கழட்டுனீங்க?"

"வாடை போகட்டும்னுதான். செத்த நேரம் தொங்கட்டுமே."

மேடையில் மருந்து உரசும் கல். ஈரம். மண் நிறத்தில் ஒரு தீற்றல். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் தவிர தண்ணீர்கூடக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். தலையாட்டினார்.

"பிள்ளைக்கு ஏதாச்சும் உரசிக் குடுத்தீங்களா?"

"நான் எதுக்குக் குடுக்கப்போறேன்? தலைவலிக்குச் சுக்கு உரசுனேன்."

நெற்றியில் பற்று இருந்தது உண்மை. இருந்தாலும், சுக்கு உரசுகிற கல்லில் வேறொன்றையும் உரசலாம்.

தொப்பியை எடுத்துத் திரும்ப மாட்டினேன். அவர் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனார். அந்த நிதானம்தான் உறுத்துகிறது.

நவ. 14, வியாழன்

பையன் சரியாகக் குடிக்கவில்லை. இரண்டு இழுப்பு, தூக்கம். உள்ளங்கால் வெளுத்திருக்கிறது. கண்ணின் வெள்ளையில் மஞ்சள். பிறந்த வாரம் வந்த மஞ்சள் போய்விட்டதே! டியூப்லைட் வெளிச்சமோ என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் போய்ப் பார்த்தேன். மஞ்சள்தான்.

மதினி டயப்பரைப் பிரித்தார். முகம் மாறியது.

"ஏம்மா, மூத்திரம் தேத்தண்ணி கணக்கா கெடக்கு. கெளம்பு, வெரசா."

அவர் கார் கூப்பிடப் போனதும் அந்தக் கல்லைச் சுரண்டித் தூளைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன். டாக்டரிடம் காட்ட.

ஊர் டாக்டர் பார்த்தவுடன் மதுரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மலை இறங்கும் வரை பையன் மதினியின் நெஞ்சில். பையும் டாக்டர் சீட்டும் என் மடியில், அவரிடம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. வழி முழுக்க அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நவ. 15, வெள்ளி

மதுரை. புழுக்கம். பையனுக்கு ரத்தம் ஏற்றினார்கள். கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே போட்டிருக்கிறார்கள்.

மு. ஜீப்பை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார். கல்லைப் பற்றிச் சொன்னேன்.

"அக்காவையா சொல்ற?"

எழுந்து போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நவ. 16, சனி

டாக்டரம்மாவிடம் காகிதத்தைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். "சுக்குதானே இது?" பிறகு என் பையிலிருந்த ஸ்வெட்டரை எடுத்தார். "இது என்ன வாடை?"

சொன்னேன். எத்தனை நாளாகப் போடுகிறேன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். ரத்தச் சோதனையின் முடிவைப் பார்த்துத் தலையசைத்தார். ஜி6பிடி என்ற நொதி பையனுக்கு மிகக் குறைவு.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருடா வருடம் நடத்துகிறேன். நொதி ஒரு புரதம். அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்து, மடிந்து ஓர் உருவம் எடுக்கும். உருவம் இருந்தால்தான் வேலை. சங்கிலியில் ஒரு கண்ணி மாறினாலும் மடிப்பு தளரலாம், வேலை கெடலாம். ஐந்து மார்க் கேள்வி. போர்டில் பூட்டும் சாவியும் வரைவேன்.

இந்த நொதிதான் சிவப்பணுவுக்குக் காவலாம். அது இல்லாத உடம்பில் பாச்சா உருண்டையின் ஆவி, மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் போய்ச் சிவப்பணுக்களை உடைத்திருக்கிறது. வெளியே கொட்டிய ஹீமோகுளோபின் சிதைந்து, அதன் மஞ்சள்தான் கண்ணில். நான் வாங்கிய துணி. நான் போட்ட உருண்டை.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. பதில் தெரிந்தேதான் கேட்டேன். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது அம்மா தருவது.

"வீட்டுக்காரங்க முன்னாடி இதைச் சொல்லாதீங்க டாக்டர்."

வெளியே வந்தால், கதவை ஒட்டிய பெஞ்சில் பிளாஸ்க்கோடு மதினி. கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. கேட்டிருப்பாரா?

நவ. 18, திங்கள்

பையன் பால் குடிக்கிறான். விளக்கை எடுத்துவிட்டார்கள். அப்பாடா.

பையனுக்கு ஆகாதவை: பாச்சா உருண்டை, சில மலேரியா மாத்திரை, சில சல்பா மருந்து. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை.

மதினி நேரத்துக்கு இட்லி வாங்கி வருகிறார். என்ன வியாதி, எதனால், ஒரு கேள்வி இல்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தெரிந்தவர்தான் கேட்க மாட்டார்.

மு.: "அக்காகிட்ட ஒரு வார்த்த பேசு." நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

நவ. 20, புதன்

வீடு. வெயில்! பெட்டித் துணி மொத்தத்தையும் மு. வெளியே கொண்டுபோய்விட்டார். பையன் பழைய ஸ்வெட்டரில். கை நீளம்.

சாயங்காலம் பூண்டியிலிருந்து மு.வின் சித்தி வந்தார். பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நம்ம வம்சத்துல இப்படி ஒரு சீக்கு கெடையாதே. யாரு வழியில வந்துச்சாம்?"

நான் பையனின் ஸ்வெட்டர் கையை மடித்துவிட ஆரம்பித்தேன். மு. தரையைப் பார்த்தார்.

மதினி தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தார். "நம்ம வழிதான் சித்தி. டாக்டரம்மா என்கிட்டயே சொன்னாங்க. நம்ம ரத்தத்துலதான் கெடந்திருக்கு."

சித்தி அப்புறம் மழையைப் பற்றிப் பேசினார்.

ஆக, எல்லாம் கேட்டிருக்கிறார். எதற்காக இப்படி? இதை வைத்துப் பின்னால் என்னிடம் என்ன எதிர்பார்ப்பார்? புத்தி உடனே அங்கேதான் போகிறது.

சித்தி போனதும் சமையலறைக்குப் போனேன். "ஏன் மதினி அப்படிச் சொன்னீங்க?"

"என்னத்தச் சொன்னேன்? பிள்ளைய இங்க குடு. நீ போயிப் படு."

கொடுத்துவிட்டு வந்து படுத்தபடி எழுதுகிறேன். மதினி போனில் மகளிடம் கேரட் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். பையன் அழவில்லை. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.