பதினேழாம் பிரிவில் ஒரு சொல்

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையிலிருந்து தூசுச் சட்ட முன்வடிவுக்கு மெய்ப்புப் பார்த்தேன். கல் அறுக்கும் ஆலைகளுக்கானது. சட்டமன்றத்தில் ஏழு வருடமாகப் பிழை திருத்துகிறேன். ஒரு பக்கத்தை நெஞ்சு படபடக்கப் படித்தது இதுதான் முதல் முறை. பதினேழாம் பிரிவு: ஆலை முதலாளி ஆண்டுதோறும் ஒவ்வொரு தொழிலாளருக்கும் நெஞ்சுப் படம் எடுத்து மருத்துவப் பரிசோதனை "செய்விக்க வேண்டும்".

தம்பி கல் அறுக்கும் வேலையில் சேர்ந்து பதினோரு வருடம். இருமலைக் காட்டலாம் என்று போன மாதம் கெஞ்சிப் பார்த்தேன், மருத்துவமனைக்கு வரவில்லை. "லீவு போட்டா வேலையே போயிடும்க்கா. அவங்களே கூட்டிட்டுப் போனா போறேன்" என்றான். சட்டம் வரட்டும். அப்புறம் எப்படித் தப்பிக்கிறான் என்று பார்க்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆலை உரிமையாளர் சங்கத்துக்காரர் மூன்றாவது நாளாக எங்கள் மாடியில். எந்தப் பதவியும் இல்லாத மனிதர். எல்லாக் கதவும் அவருக்குத் திறக்கிறது. என் மேசையருகே நின்று, "இவ்வளவு பொடி எழுத்து, கண்ணு வலிக்குமேம்மா?" என்றார். இந்த அக்கறை என்னைப் பெற்றவளுக்குக்கூட இருந்ததில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

இரண்டாம் மெய்ப்பு வந்தது. பதினேழில்: "மருத்துவ பரிசோதனை செய்விக்கலாம்."

"மருத்துவ"வுக்கு அடுத்து வரவேண்டிய "ப்" என்ற ஒற்றைக் காணோம். எங்கள் சட்டப் பிரிவு எழுத்தர் சோற்றை விட்டாலும் ஒற்றை விடமாட்டார். இது வெளியே எழுதி உள்ளே வந்த வாக்கியம். "வேண்டும்" போய் "லாம்" வந்திருக்கிறது. மீதி நாற்பது பிரிவும் அப்படியே இருக்கின்றன.

செயலாளரிடம் போனேன். "ஐயா, இதுல சொல்லே மாறியிருக்கு."

அவர் நிமிரவில்லை. "நீங்க பிழைதான் பாக்கணும். பொருள் பாக்க வேற ஆளு இருக்கு." பிறகு சாவகாசமாக, "உங்களை நிரந்தரமாக்குற ஃபைல் என்கிட்டதான் இருக்கு. ஞாபகம் இருக்கில்ல?"

இருக்கிறது.

ஒரு "ப்" மட்டும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். இப்போது அந்த வாக்கியம் அரசாங்கமே எழுதியது போல இருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

எதிர்க்கட்சி உறுப்பினர், வயதானவர், என் அறையைத் தேடி வந்தார். "அறுபது பக்கம். இன்னைக்குத்தான் கையில கொடுத்தாங்க, நாளைக்கு ஓட்டு. வரி வரியாப் படிக்கிறவங்க நீங்கதான். போன பிரதிக்கும் இதுக்கும் ஏதாவது மாறியிருக்காம்மா?"

கதவு திறந்திருந்தது. எதிர் அறையில் செயலாளர்.

"எழுத்துப்பிழைதாங்க" என்றேன்.

"நல்லதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் சொல்லல? வாய் ஒட்டிக்கிச்சா? பதினேழைப் பாருங்கன்னு ரெண்டு வார்த்தை — அதுக்கு மேல என்ன வேணும்? யாருக்காகப் பயந்தேன், எனக்காகத்தானே?

பிப்ரவரி 21, வெள்ளி

நிறைவேறியது. குரல் வாக்கெடுப்பு. அந்தப் பெரியவரும் "ஆம்" என்றார். தொழிலாளர் வாழ்வில் இது பொன்னாள் என்று அமைச்சர் பேசினார். பார்வையாளர் வரிசையில் சங்கத்துக்காரர் கை தட்டினார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இதில் பூசாரி யார் — அவரா, செயலாளரா, நானா?

ஏப்ரல் 2, புதன்

நிரந்தர ஆணை வந்தது. என்னைவிடத் தம்பிக்குத்தான் சந்தோஷம். "நம்ம குடும்பத்துலயே முதல் அரசாங்க வேலைக்கா!" என்று சொல்லி முடிப்பதற்குள் நாலு முறை இருமினான்.

ஆகஸ்ட் 24, திங்கள்

ஒன்றரை வருடம் கழித்து இந்த நோட்டைத் திறக்கிறேன்.

போன வாரம் தம்பியால் வீட்டுப் படி ஏற முடியவில்லை. இன்று மறுபேச்சில்லாமல் என்னோடு மருத்துவமனைக்கு வந்தான். மருத்துவர் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தத் தூசு உள்ள போனா வெளியே வராது. ஒரு வருஷம் முன்னாடி படம் எடுத்திருந்தா அன்னைக்கே வேலையை விடச் சொல்லியிருப்பேன். ஆலையில எடுக்கலையா?"

"கட்டாயமில்லைன்னுட்டாங்க சார்" என்றான் தம்பி. "சட்டத்துலயே அப்படித்தான் போட்டிருக்காம்."

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா போட்டிருக்கு?"

"தெரியாதுங்க" என்றேன்.