கத்தாமல் மூன்று வித்தைகள்

மார்ச் 2, திங்கள்

இன்று ஐந்து வகுப்புகள். முதல் வகுப்பு தையல் மாஸ்டருக்கு. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள என்னிடம் வந்து இது இருபத்தாறாவது வகுப்பு. இன்னமும் ஆக்ஸிலேட்டரைத் தையல் மெஷின் மாதிரி விட்டு விட்டு மிதிக்கிறார். ரவுண்டானாவில் ஒரு லாரிக்குக் குறுக்கே விட்டார். நல்லவேளை, கற்றுத் தரும் வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மிதித்து நிறுத்திவிட்டு, "பரவாயில்ல மாஸ்டர், மெதுவா மூச்சு விடுங்க, மறுபடி பாப்போம்" என்றேன். இறங்கும்போது, "இந்தப் பொறுமை யாருக்கு சார் வரும்" என்றார்.

வீட்டுக்கு வந்து அதை அப்படியே மனைவியிடம் சொன்னேன். மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகள் தன் அறையிலிருந்து வந்து, தண்ணீர் எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போய், நாயிடம் சொன்னாள்: "கேட்டியா பொட்டலம், ஊருக்கெல்லாம் பொறுமையாம்."

மூன்று மாதமாக என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் நாயிடம்தான் சொல்கிறாள்.

மார்ச் 3

நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதினால் என் பக்கம் கொஞ்சமாவது நியாயம் தெரிகிறதா பார்ப்போம்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு. எங்கள் சொந்த வண்டி. அதில் என் பக்கம் பிரேக் கிடையாது. பாப்பா கேட்டிலிருந்து ரிவர்ஸ் எடுத்தாள். (பத்தொன்பது வயதாகிறது, இன்னும் பாப்பாதான்.) தூணுக்கும் வண்டிக்கும் ஒரு சாண் இருந்தது. நான் கத்தினேன். "நிறுத்து, நிறுத்துடி, கண்ணு தெரியலையா உனக்கு" என்று கத்திக்கொண்டே கைபிரேக்கைப் பிடித்து இழுத்தேன். அவள் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பாப்பா இன்ஜினை அணைக்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

எழுதிப் பார்த்தாயிற்று. நியாயம் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 5

பாப்பாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஊருக்கு வெளியே, பால் பரிசோதிக்கும் கூடத்தில். ஏப்ரல் 27 முதல் காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. ஏப்ரல் 24 அன்று லைசென்ஸ் தேர்வு. இதெல்லாம் அவளே பொட்டலத்திடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இன்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு. அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு டிரைவிங் ஸ்கூலின் வகுப்பு நேரங்கள். இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருப்பவனின் மகள் போட்டிக்காரனிடம் போய்க் கற்றுக்கொள்வதா?

சாப்பிடும்போது, "வெளியில போய்க் கத்துக்கணுமா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டேன்.

"பொட்டலம், உனக்கு இவர் எதையாவது கத்தாம சொல்லிக்கொடுத்திருக்காரா?" என்றாள் பாப்பா.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "இப்படிச் செய்வோம். ஒரு தடவைகூடக் கத்தாம இந்த நாய்க்கு மூணு வித்தை கத்துக்கொடுங்க. உக்காரணும், கை கொடுக்கணும். மூணாவதை பாப்பா சொல்லட்டும். முடிஞ்சா நீங்க அவ பக்கத்துல உக்காரலாம். ஒரு தடவை கத்தினாலும் அவ அந்த ஸ்கூலுக்கே போகட்டும்."

"ரிவர்ஸ்" என்றாள் பாப்பா. நாயைப் பார்த்துச் சொன்னாளா, என்னைப் பார்த்தா? என்னைப் பார்த்து என்றே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 7

முதல் வகுப்பு. ஒன்றரை வருடத்துக்கு முன் பாப்பா இதைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டு வந்தபோது, "என்ன பொட்டலம் அது?" என்று மனைவி கேட்டாள். அதுவே பெயராகிவிட்டது. இத்தனை நாளில் அது கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: என் சாக்ஸை எடுத்துக்கொண்டு ஓடுவது. அதையும் நான் கற்றுத் தரவில்லை.

ஹாலில் எதிரே நின்று, கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, "உக்காரு" என்றேன். அது பிஸ்கட்டைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம். கடைசியில் கால் வலித்து நான்தான் உட்கார்ந்தேன்.

மார்ச் 10

உட்கார்ந்துவிட்டது. எட்டுக்கு ஆறு தடவை. மெதுவான குரல், நேர்ப் பார்வை, அவ்வளவுதான் விஷயம். அனுபவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

மார்ச் 11

கை கொடுத்தது. ஒரே நாளில். தையல் மாஸ்டர் இதைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 14

கை கொடுப்பதை நிறுத்த மாட்டேன் என்கிறது. சாப்பிடும்போது கை. பேப்பர் படிக்கும்போது கை. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் குனிந்து செருப்பைக் கழற்றினார், அவருக்கும் கை. அவர் பயந்துபோய் மீட்டரைப் பார்க்காமலேயே திரும்பினார். ஆரம்பிக்கக் கற்றுக் கொடுத்துவிட்டு நிறுத்தக் கற்றுக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். நான் தொழிலில் சொல்லித் தரும் முதல் பாடமே அதுதான்.

மார்ச் 17

ரிவர்ஸ். சோபாவைச் சுவரை நோக்கித் தள்ளி நடுவில் ஒரு சந்து மாதிரி விட்டேன். பொட்டலத்தை அதற்குள் நிற்க வைத்து நான் முன்னால் நடந்தால், திரும்ப இடமில்லாமல் அது பின்னால் போகும். போயிற்று. நான்கு அடி அழகாகப் போயிற்று. ஐந்தாவது அடியில் தரை துடைத்த பக்கெட். முழுத் தண்ணீரும் கவிழ்ந்து, தரையில் வைத்திருந்த என் மாணவர்களின் ஃபைல் அத்தனையும் நனைந்து—

வந்துவிட்டது, தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன்.

மனைவி கதவருகில் நின்றிருந்தாள். "கத்தினீங்களா?"

"ம்ம்ம்ம்" என்றேன் துண்டோடு.

துண்டை வாயிலிருந்து உருவினாள். "சரி, அது கத்தல்ல சேராது."

மார்ச் 19

தையல் மாஸ்டர் இன்று வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே" என்றார். "வாயால பரவாயில்லன்னு சொல்றீங்க. ஆனா அதுக்கு முன்னாடியே உங்க கால் பிரேக்குக்குப் போயிடுது. அதைக் கண்டதும் நான் ஆக்ஸிலேட்டரை விட்டுடறேன்."

என் தொழிலே அதுதானே மாஸ்டர் என்றேன். வீட்டில் சொன்னால் மனைவி அவர் கட்சி. "பஸ்ல போனாக்கூட நீங்கதானே மிதிச்சுட்டு வர்றீங்க. அடுத்தவங்க ஓட்டற வண்டியில என்னிக்காவது கண்ணை மூடியிருக்கீங்களா?" மூடியதில்லை. யார் ஓட்டினாலும் நான் விழித்திருந்தால்தான் வண்டி போகும் என்று ஒரு நினைப்பு. அதில் என்ன தப்பு?

மார்ச் 22, ஞாயிறு

அரங்கேற்றம். மனைவியும் பாப்பாவும் நாற்காலியில். நான் சோபாவில் காலை மடக்கி சம்மணம் போட்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டேன். கை கொடுத்தது. ரிவர்ஸில் சோபாவிலிருந்து சமையலறை வாசல் வரை போயிற்று. பாப்பா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"உக்காரு" என்றேன். நின்றது. உக்காரு. நின்றது. ஏழு தடவை. ஏண்டா, நேத்துவரைக்கும் ஒழுங்காத்தானே உக்காந்த, இன்னிக்கு என்ன வந்துச்சு உனக்கு, என் மானத்த வாங்கறதுக்குன்னே பொறந்தியா— இதெல்லாம் இங்கே எழுதுகிறேன். அங்கே வாயைத் திறக்கவில்லை.

"உனக்கு ரெண்டுதான் தெரியுது பொட்டலம்" என்று சொல்லிவிட்டு பாப்பா எழுந்து போனாள். இன்னும் ஒரே ஒரு வித்தை. கைக்கு எட்டியது கைவிட்டுப் போயிற்று.

மார்ச் 23

சாயங்காலம் டி.வி.யில் ஏதோ கார் பந்தயம். வளைவில் ஒரு வண்டி சறுக்கியது. பக்கத்தில் நின்றிருந்த பொட்டலம் டக்கென்று உட்கார்ந்தது. அதே காட்சியை மறுபடி காட்டினார்கள். எழுந்து நின்றிருந்த நாய் மறுபடி உட்கார்ந்தது.

மனைவி டி.வி.யைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க வலது கால் தரையை மிதிக்குது. அதுக்குத்தான் உக்காருது. உங்க வாயை அது கேக்கவே இல்ல."

சோதித்துப் பார்த்தோம். காலை அசைக்காமல் "உக்காரு" என்றால் நிற்கிறது. ஒன்றும் சொல்லாமல் காலை அமுக்கினால் உட்காருகிறது. காலை அமுக்கிக்கொண்டு "எழுந்திரு" என்றேன். அதற்கும் உட்கார்ந்தது. ஆக, அன்றைக்கு ஹாலில் மெதுவான குரல், நேர்ப் பார்வை என்று நான் பீற்றிக்கொண்ட நேரமெல்லாம் இந்தக் கால்தான் வகுப்பு நடத்தியிருக்கிறது. நேற்று சம்மணம் போட்டதும் வாத்தியார் லீவு.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டு வந்த பாப்பாவும் பார்த்தாள். அவளும் சிரித்தாள், என்னைப் பார்த்து. அவமானம்தான். ஆனாலும் அவள் சிரித்து முடிக்கும்வரை காலை அமுக்கிக் காட்டிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 24

இது செல்லுமா செல்லாதா என்று வழக்கு. "வாய் சொல்லிக் கேக்கலையே" என்றாள் பாப்பா. "கத்தலையே. கத்தாம மூணு வித்தை, அதான் பேச்சு" என்றாள் மனைவி.

பாப்பா யோசித்தாள். பிறகு நேராக என்னிடம்: "சரி, வாங்க. ஆனா பொட்டலமும் பின் சீட்ல வரும். கண்ணாடியில நான் அதைப் பாத்துட்டே இருப்பேன். அது உக்காந்தா நீங்க மிதிச்சீங்கன்னு அர்த்தம். பத்து தடவை உக்காந்தா நான் இறங்கிடுவேன்."

வண்டியில் ஏற்றினால் பொட்டலம் முன் சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து என் கால் நன்றாகத் தெரியும். தப்பிக்க வழியே இல்லை.

மார்ச் 28

பின் சீட்டில் பொட்டலத்துக்குப் பட்டை மாட்டி, கிளம்பினோம். தெருவைத் தாண்டுவதற்குள் மூன்று. சிக்னலில் இரண்டு. சைக்கிள்காரர் ஒருவருக்கு மட்டும் இரண்டு. பேக்கரி திருப்பத்தில் பத்து ஆகிவிட்டது. பாப்பா ஓரமாக நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்து, நாயோடு நடந்தே வீட்டுக்குப் போனாள்.

அவள் நிறுத்திய விதத்தைப் பார்த்தேன். ஓரத்தோடு ஒட்டி, நேராக. நான் கற்றுக் கொடுத்த எவரும் முதல் மாதத்தில் அப்படி நிறுத்தியதில்லை. அவள் போன பிறகுதான் அது கண்ணில் பட்டது.

மார்ச் 29

பேக்கரியைத் தாண்டி பெட்ரோல் பங்க் வரை. அங்கே பத்து.

ஏப்ரல் 4

சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வண்டியை எடுக்காமலேயே, "காலைக் கீழ வைங்கப்பா" என்றாள். அப்பா என்றாள்.

ஏப்ரல் 11

இன்று மொத்தம் நான்கு. அதே கேட்டிலிருந்து ரிவர்ஸ் எடுத்தாள். அதே தூண், அதே ஒரு சாண். தூண் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. பயந்தேன், சத்தியமாகப் பயந்தேன். இவளுக்கு ஒன்று ஆகிவிடுமோ என்ற பயம்தான் என் வாயில் வசவாக வந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. மாணவர்களிடம் எனக்கு இந்தப் பயம் இல்லை, அதனால்தான் அவர்களிடம் பொறுமை.

வண்டி வெளியே வந்ததும் கண்ணாடியைப் பார்த்தாள். "தூணுக்கு ஒண்ணுதான்" என்றாள்.

ஏப்ரல் 16

தையல் மாஸ்டர் தேர்வில் பாஸ். "பத்து நாளா உங்க கால் சும்மா இருந்துது சார்" என்றார். எனக்கு இரண்டு சட்டை தைத்துத் தருகிறாராம்.

ஏப்ரல் 24

வெளியே காத்திருந்தேன். ஓடி வந்தாள். "அப்பா, பாஸ்." பொட்டலமும் பக்கத்தில்தான் நின்றது. முதலில் என்னிடம்தான் சொன்னாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

நாளை வேலையில் சேருகிறாள். ஒரு தடவை வழி பார்த்துவிட்டு வரலாம் என்று காலையில் நானும் அவளும் பொட்டலமும் கிளம்பினோம். ரவுண்டானாவில் அழகாக நுழைந்து வெளியே வந்தாள். பொட்டலம் என் காதோரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக நல்ல காற்று.

அடுத்து எனக்குத் தெரிந்தது, வண்டி ஒரு பெரிய கேட்டின் முன் நின்றுகொண்டிருந்தது. பால் பரிசோதனைக் கூடத்தின் பலகை. "வந்தாச்சுப்பா" என்றாள்.

"எத்தனை?" என்று கேட்டேன்.

"ஒண்ணுகூட இல்ல. வழி பூரா நின்னுட்டே வந்துது. நீங்க ரவுண்டானா தாண்டினதுமே தூங்கிட்டீங்க."

வழியைப் பற்றி விவரமாக எழுதி வைக்கலாம் என்றுதான் நோட்டை எடுத்தேன். நடுவில் ஒரு குறுகலான பாலம் இருக்கிறதாம். லாரிகள் நிறைய வருமாம். எனக்குத் தெரியாது.