கதவுக்கு ஒரு பிரஷ்

மார்ச் 4, ஞாயிறு

காலையிலிருந்து எங்கள் தைப்பிங் ஊர் மழை. துணி எதுவும் காயவில்லை. என் கணவர் ஹொக் வாசல் கூரைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வலது கையால் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார். பந்து நழுவி விழும். இடது கையால் எடுத்து மறுபடி வலது கையில் வைப்பார். நான் எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும். அதனால் செய்தித்தாளைப் படிப்பதுபோல் இருந்தேன்.

பக்கத்து வீட்டு நோர்மா வேலிக்கு மேலே பண்டான் இலை வாசனைப் பலகாரத் தட்டை நீட்டினாள். மகள் இஸாத்திக்கு இருபத்து நாலாம் தேதி வீட்டிலேயே நிக்காஹ். ஹொக்கை அவள் அபாங், அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள்.

"அபாங் ஹொக், எங்க வாசக் கதவப் பாத்தீங்களா? சொறி புடிச்ச மாதிரி நிக்குது. மாப்பிள்ள வீட்டுக்காரங்க அதத்தான் மொதல்ல பாப்பாங்க. நீங்கதான் பெயின்ட் அடிச்சுத் தரணும்."

ஆகஸ்டில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் பிரஷ்ஷைத் தொடவில்லை. ஊரில் பாதி வீடுகளுக்கு வண்ணம் அடித்தவர். இது இரக்கப்பட்டுக் கொடுக்கிற வேலை என்றுதான் எனக்குப் பட்டது. இந்த ஒரு கதவைக்கூட அவரால் முடிக்க முடியாமல் போனால்? அப்புறம் அந்தப் பந்தைக்கூட எடுக்க மாட்டார்.

"மழையில காயாது, நோர்மா" என்றேன்.

ஹொக் என்னைப் பார்க்காமலே சொன்னார். "காயும்."

மார்ச் 5, திங்கள்

கையுறைத் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததும் அவருடைய இரண்டு பிரஷ் டப்பாக்களையும் பின்கட்டில் செய்தித்தாள் விரித்துக் கொட்டினேன். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. கைப்பிடியில் சிவப்பு ஒட்டுநாடா என்றால் பன்றி முடி பிரஷ். பச்சை என்றால் நைலான். மலாய்க்காரர் வீட்டுக்குப் பச்சை டப்பா மட்டும்தான் போகும்; முஸ்லிம்களுக்குப் பன்றி முடி பட்ட இடமே அசுத்தம். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் வேலை என்றால் சிவப்பு டப்பாவை வேனில்கூட ஏற்ற மாட்டார்.

அவர் பிடி இப்போது மெல்லிய கட்டையில் நிற்பதில்லை. சைக்கிள் கைப்பிடிக்குப் போடும் பஞ்சுக் குழாயை வாங்கி வந்திருந்தேன். பழைய ஒட்டுநாடாக்கள் பிசுபிசு என்றிருந்தன. எல்லாவற்றையும் உரித்தேன். இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை என்று அடுக்கிக்கொண்டே வந்தேன். பஞ்சுக் குழாயைச் செருகி முடித்தபோது மழை சாய்ந்து அடித்தது. வாரிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

பிறகு வலது பக்கம் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். உள்ளங்கையில் அழுத்தி விட்டால் உடனே நிமிர்கிறதா? விரலால் தட்டினால் முடி உதிர்கிறதா? நுனி பிளந்திருக்கிறதா? நுனி பிளந்திருந்தால்தான் பெயின்டைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஒன்று மட்டும் அற்புதமாக இருந்தது. தேய்ந்து தேய்ந்து ஒரு பக்கம் சாய்வாக, அவர் கைக்கென்றே வளர்ந்ததுபோல. அதை எடுத்து வைத்தேன்.

ஹொக் கதவோரம் நின்று பார்த்தார். "ஆய்வுக்கூடத்து அம்மா சோதிச்சு முத்திரை குத்தியாச்சா?"

"குத்தியாச்சு."

"ஓட்ட இருக்கான்னு கையுற மாதிரி தண்ணி ஊத்திப் பாக்கலியே?"

பல நாட்களுக்குப் பிறகு ஒரு கேலி. நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

மார்ச் 7, புதன்

கதவைத் தேய்த்து, அடிப்பூச்சு பூசிவிட்டார். முக்கால்வாசி இடது கையால். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் தூங்கிவிட்டார்.

மார்ச் 10, சனி

மயில் கழுத்து நிறம். நேற்று ஒரு பூச்சு, இன்று கடைசிப் பூச்சு.

வலது கையால்தான் அடித்தார். பஞ்சுப் பிடியை முழு முஷ்டியாகப் பிடித்து, இடது கையால் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. நான் ஏணியைப் பிடித்திருந்தேன்.

"லான், பிரஷ் தானாவே ஓடுது பாரு" என்றார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலும் அது சிரிப்புதான்.

நோர்மாவின் கணவர் ரஸீஃப் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு மழ. பந்தயம்?"

"அஞ்சு மணி" என்றார் ஹொக். "அதுக்குள்ள மேல் தோல் காஞ்சிரும்."

மழை ஐந்தே காலுக்கு வந்தது. கதவில் என் முகம் தெரிந்தது. நோர்மா நின்று பார்த்தாள். அப்புறம் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெயின்ட் நெடி" என்றாள்.

மார்ச் 11, ஞாயிறு

எழுதக்கூடக் கை வரவில்லை.

பிரஷ்ஷைக் கழுவினேன். பஞ்சுக் குழாய்க்குள் பெயின்ட் இறங்கியிருந்தது, கழற்றினேன். தகரப் பட்டைக்குக் கீழே, உரிக்காமல் விட்ட ஒரு துணுக்கு ஒட்டுநாடா. சிவப்பு.

ஒரு முடியைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினேன். நைலான் என்றால் உருகி மணி மாதிரி திரளும். இது சுருண்டு கருகியது. மயிர் கருகும் நாற்றம். இன்னொரு முடி. அதே நாற்றம். எத்தனை முடி எரித்தால் பதில் மாறும்?

நோர்மா வீட்டுக் கதவு. அவள் தொழுகிற வீடு. இன்னும் பதிமூன்று நாளில் நிக்காஹ்.

மழை வந்தபோது வாரிக்கொண்டு ஓடினேனே, அப்போதுதான் இரண்டும் கலந்திருக்கிறது. இரண்டும் கறுப்பு முடி, இரண்டும் பழசு. கையுறையில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? பெயின்ட் காய்ந்துவிட்டது. வேதியியல் படித்தவளாக என்னைக் கேட்டால் அந்தக் கதவில் இப்போது பெயின்டைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை நோர்மா என்னிடம் கேட்கவில்லையே. நம்பித்தானே கதவைக் கொடுத்தாள்.

உள்ளே அவர் விசிலடிக்கிறார். விசில் சரியாக வரவில்லை, காற்றுதான் வருகிறது. இதை எப்படிப் போய்ச் சொல்லுவேன்?

மார்ச் 12, திங்கள்

சொல்லிவிட்டேன்.

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. பிரஷ்ஷை வாங்கி வலது கை விரல்களில் தேய்த்தார். மறுபடி தேய்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும், லான். இருட்டுல குடுத்தாலும் எது எதுன்னு சொல்லுவேன். ரெண்டு நாள் கையில வச்சிருந்தேன். தெரியலியே."

"பஞ்சு சுத்தி இருந்துச்சு. அதான்."

"பஞ்சு பிடியிலதான இருந்துச்சு? முடியத் தொட்டுத் தொட்டுப் பாத்தேனே. விரலுக்கு ஒண்ணும் தெரியல." வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு, "இந்தக் கைய நம்பி யார் வீட்டக் குடுப்பா?"

ஆறுதல் சொல்லத் தெரியாதவள் என்று என் அம்மாவே சொல்லுவாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெகு நேரம் கழித்து அவர் பிரஷ்ஷைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தார். இடது கன்னம், நல்ல பக்கம். மெதுவாக இழுத்தார். எழுந்து போய் டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து, அதையும்.

"இது நைலான்" என்றார். "கன்னத்துக்குத் தெரியுது."

தீக்குச்சி கிழித்துப் பார்த்தேன். நைலான்தான்.

மார்ச் 13, செவ்வாய்

நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். "அடிச்சது நான்" என்று சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னாலேயே போனேன். அந்தக் கதவைத் தாண்ட மனசில்லாமல், பக்கவாட்டு வாசல் வழியாக.

நோர்மாவும் ரஸீஃபும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் முட்டைகளுக்குக் காகிதப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹொக் நின்றுகொண்டே சொன்னார். வார்த்தை குழறியது, ஆனால் எதையும் விடவில்லை. பிரஷ்ஷைப் பொறுக்கி எடுத்தவள் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

ரஸீஃப் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை. அவசரப்பட்டு, "கமுந்திங்ல ஆ செங்னு ஒரு பெயின்டர் இருக்காரு. சுத்தமா சுரண்டிட்டு, புது பிரஷ்ல நாளைக்கே அடிச்சுக் குடுக்கச் சொல்றேன்" என்றேன்.

நோர்மா நிமிர்ந்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் என் மேல் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"கதவு யாரோடது, லான்?"

"உன்னோடது."

"அப்ப யார் அடிக்கணும்னு நான் சொல்லுறேன். ஆ செங்காம் ஆ செங்! அவரு இங்க வந்து நின்னு சொல்லுறாரு. நீ அவரு எதிர்லயே வேற ஆள் பேர் சொல்லுற. உனக்கு அறிவு இருக்கா? எத்தன வருஷம் காலேஜ்ல படிச்ச?"

"மூணு" என்றேன்.

ரஸீஃப்தான் முதலில் சிரித்தார். பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு மார்க்கம் சொல்லித் தரும் உஸ்தாஸைக் கேட்க வெளியே போனார். திரும்பி வந்து, "கழுவுனா போதும்னு சொல்லிட்டாரு. மண்ணு கலந்த தண்ணி ஒரு தடவ, நல்ல தண்ணி ஆறு தடவ. பெயின்ட எடுக்க வேணாமாம்" என்றார்.

"கழுவுங்க" என்றார் ஹொக். "கழுவுனதுக்கு மேல இன்னொரு பூச்சு நான் அடிக்கணும். பச்ச பிரஷ்ல."

"எதுக்கு? நல்லாத்தான இருக்கு?" என்றாள் நோர்மா.

"உன் கதவுக்கு இல்லம்மா. எனக்கு."

மார்ச் 14, புதன்

கதவைக் கழுவினோம். ரஸீஃப் ஆற்றோரமாகப் போய்ச் சுத்தமான மண் கொண்டு வந்தார். அவர் ஊற்ற ஊற்ற, நோர்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டு எண்ணினாள். ஹொக் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தார். மயில் கழுத்தின் மேல் மண் நிறம் வழிந்து இறங்கியது. நான் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் கடைசித் தண்ணீர் ஊற்றி முடிந்தபோது என் தோளிலிருந்து பாரம் இறங்கியது.

"கல்யாணப் பொண்ணுக்கு முன்னாடி கதவு குளிச்சிருச்சு" என்றாள் நோர்மா.

மார்ச் 16, வெள்ளி

அரை நாள் விடுப்பு. சந்தைக்குப் பின்னால் இருக்கும் கியாட்டின் இரும்புக் கடைக்குப் போனோம். பன்றி முடி பிரஷ்கள் வழக்கம்போல் தனி மூலையில், தனிச் சிவப்பு அறிவிப்புப் பலகைக்குக் கீழே.

"ஹொக்! ஆளயே காணோம்! வா வா. சீனாவிலேந்து சரக்கு வந்திருக்கு, சிவப்பு மூலைக்குப் போ."

"பச்சதான் வேணும்" என்றார் ஹொக். "எண்ணெய் பெயின்ட்டுக்கு. கோடு விழக்கூடாது."

கியாட் ஒரு கட்டு பிரஷ்களை எடுத்துப் போட்டான். முதல் சுற்று எனக்கு. முடிகளை விரித்து நடுவே பார்த்தேன். மலிவானவற்றில் நடுவில் பெரிய மரத்துண்டை வைத்துச் சுற்றிலும் கொஞ்சம் முடி நட்டு ஏமாற்றியிருப்பார்கள். அவை போயின. தட்டினால் உதிர்வது போனது. தகரப் பட்டை ஆடுவது போனது. இழை அடியில் தடித்து நுனியில் மெலியாமல் குச்சிபோல் நேராக இருந்தவையும் போயின. அவைதான் கோடு போடும். கடைசியில் மூன்று நின்றன. வெளியே போய் மூன்றிலும் ஒவ்வொரு இழை எரித்தேன். என் நம்பிக்கைக்கு நான் செய்யும் சடங்கு.

பிறகு ஹொக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒவ்வொன்றாக அவர் கன்னத்தில் இழுத்தேன்.

"இல்ல. ... இல்ல. ... இது. நீயும் பாரு."

என் கன்னத்தில் அவரே இழுத்தார், வலது கையால். மென்மையாக இருந்தது, ஆனால் துவளவில்லை. தள்ளினால் திரும்பித் தள்ளியது. சரிதான் என்று தோன்றியது.

"நான் கடையில பிரஷ் விக்கிறேன்" என்றான் கியாட். "நீங்க ரெண்டு பேரும் பவுடர் போட்டுக்கிறீங்களா?"

எனக்கு முகம் சூடேறியது. ஐம்பதை நெருங்கும் வயதில்.

மார்ச் 18, ஞாயிறு

அடித்தாயிற்று. கீழ் மூலையில் ஒரு கோடு விழுந்தது.

"தெரியுதா?" என்றார்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். "தெரியுது."

"ம். எனக்கும்." பிரஷ் நுனியால் கீழிருந்து மேலே, தொட்டும் தொடாமலும் ஒரு இழுப்பு. கோடு போய்விட்டது. இந்த முறை மணிக்கட்டைத் தாங்க இடது கை வரவில்லை.

மார்ச் 24, சனி

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. வாசலில் மாப்பிள்ளையின் பெரியம்மா செருப்பைக் கழற்றும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையை எடுத்த பிறகு கதவைத் திரும்பிப் பார்த்தார். "யாரு அடிச்சது?"

"எங்க அபாங்" என்றாள் நோர்மா. பக்கத்து வீடு என்றுகூடச் சொல்லவில்லை.

விருந்து முடியும் வரை மழை இல்லை. இன்றும் மழை வரும் என்று பந்தயம் கட்டியிருந்த ரஸீஃப் தோற்றார்.

ஏப்ரல் 1, ஞாயிறு

நோர்மா வீட்டில் தேநீர். சமையலறை ஆணியில், கடைசிப் பூச்சுக்குப் பிறகு அங்கேயே விட்டு வந்த எங்கள் புது பிரஷ் தொங்கியது. நான் செருகியிருந்த பஞ்சுப் பிடியைச் சுற்றி, இஸாத்தியின் கல்யாணச் சட்டையில் மிஞ்சிய பச்சைத் துணியை நோர்மா இறுக்கித் தைத்திருந்தாள்.

"இனிமே இது நழுவாது. ஒட்டுநாடா மாதிரி உரிக்கவும் முடியாது, லான்" என்றாள்.

கிளம்பும்போது பிரஷ்ஷை எடுத்து ஹொக்கிடம் நீட்டினேன். அவர் வாங்கி, மறுபடி அதே ஆணியில் மாட்டினார்.

"இங்கயே இருக்கட்டும். நாளைக்கு இவங்க ஜன்னல அடிக்கணும்."