ஒன்றரைக் கட்டை

திண்டிவனம்
5-2-86

அன்புள்ள செண்பகம்,

நீ சௌக்கியமாய் இருக்கிறாய் என்று நானே எழுதி நானே நம்பிக்கொள்கிறேன். பொங்கலுக்கு அப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கணக்கு டீச்சருக்குப் பரீட்சைப் பேப்பர் இருக்கும், கோவிலில் ஆர்மோனியம் இருக்கும். தோழி கடைசியில்தானே.

இங்கே அம்சாவுக்கு முதல் பல் முளைத்திருக்கிறது. கூடவே காய்ச்சல். டாக்டர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததுமே சிரிக்கிறார். குழந்தை நன்றாய்த்தான் இருக்கிறாள், மருந்து எழுதுவதானால் உங்களுக்குத்தான் எழுதணும் என்கிறார். சிரிக்கட்டும். ராத்திரி அவள் மூச்சு விடுகிறாளா என்று விரலை மூக்கில் வைத்துப் பார்ப்பது நான்தானே, அவரா?

முக்கியமான சேதிக்கு வருகிறேன். பனமலை விருத்தாசலம் காசெட் வந்துவிட்டது! எத்தனை வருஷமாய் அவர் பாட்டைப் பதிவு செய்ய ஆளில்லாமல் கிடந்தது. போன வாரம் பாண்டிக்குச் சரக்கு விஷயமாகப் போன இவர், கேட்காமலே வாங்கி வந்தார். கடலை எடைபோடுகிற மல்லாட்டை மண்டிக்காரருக்குச் சங்கீதம் தெரியாவிட்டால் என்ன, பெண்டாட்டியைத் தெரிந்திருக்கிறதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வானொலியில் 'புதுநாடா' நிகழ்ச்சியில் அதற்குத்தான் மதிப்புரையாம். ஹாஸ்டலில் நாம் செய்வோமே, மதிப்புரை சொல்கிற சின்னதுரை வாயைத் திறக்குமுன் ஆளுக்கொரு சீட்டில் தீர்ப்பு எழுதி மடித்து வைப்பது, அதை விடவேண்டாம். ஞாயிறுக்கு முன் தபாலில் போட்டுவிட வேண்டும், தபால் முத்திரை சாட்சி. இதோ என் சீட்டு: சுருதி ஒன்றரைக் கட்டை, பழையபடியே. குரல் மெருகு குறையவில்லை. காம்போதி ஆலாபனை முதல்தரம். கடைசித் துக்கடாவை விட்டிருக்கலாம்.

பிரசவக் காய்ச்சலுக்கு ஊசி போட்டதிலிருந்து காதுக்குள் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். அவ்வப்போது வருகிறது, போகிறது. வேறு விசேஷமில்லை.

உன்
கிருஷ்ணவேணி


விழுப்புரம்
10-2-86

என் அருமை வேணிக்கு,

நீ கேட்குமுன்பே நானும் என் சீட்டைக் கார்டில் எழுதிப் போட்டுவிட்டேன். உன் கடிதமும் என் கார்டும் நடுவழியில் எங்கேயோ ஒன்றையொன்று பார்த்து முறைத்திருக்கும். என் கார்டு கிடைத்ததா? அதில் என்ன எழுதியிருந்தேன்? ஒரு கட்டைக்கு இறங்கிவிட்டார், காலப்பிரமாணம் தளர்ந்துவிட்டது, குரலில் தூக்கம் தெரிகிறது. நேற்று சின்னதுரை என்ன சொன்னார்? நான் எழுதிக் கொடுத்து அவர் வாசித்த மாதிரி இல்லை? 'வித்வான் தம் சுருதியை அரைக் கட்டை இறக்கிக்கொண்டிருக்கிறார். வயது எவரையும் விடுவதில்லை.' பாவம்தான். ஆனால் ஜெயித்தது நான்.

ஒன்றரைக் கட்டையாமே ஒன்றரைக் கட்டை. நான் காசெட்டை ஓடவிட்டு, கோவில் ஆர்மோனியத்தில் கட்டையை அமுக்கிப் பார்த்துத்தான் எழுதினேன். ஆர்மோனியம் பொய் சொல்லாது. பிள்ளை பெற்றவள் காதில் அழுகை மட்டும்தான் விழும் போலிருக்கிறது! ஹாஸ்டலில் தண்ணீர்க் குழாய் சொட்டினால்கூட என்ன ஸ்வரம் என்று சொல்லுவாயே, அந்த வேணி எங்கேயடி போனாள்?

அம்சாவின் பல்லுக்கு என் முத்தம்.

செண்பகம்


திண்டிவனம்
14-2-86

செண்பகம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன். இவரிடம் சொல்லவில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை. என் காது போய்விட்டது என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானும் ரேடியோ கேட்டேன். அவர்கள் போட்ட காம்போதி ஒரு கட்டையில்தான் கேட்டது. உடனே நம் வீட்டு டேப்பைப் போட்டேன். ஒன்றரை. ஒரே மனுஷர், ஒரே பாட்டு, காலையில் ஒரு விதம், பத்து நிமிஷம் கழித்து ஒரு விதம். பிசகு பாட்டிலா இருக்கும்? அந்த ஊசிதான். அப்போதே நர்ஸிடம் கேட்டேன், போகப் போகச் சரியாகிவிடும் என்றாள்.

நான் டேப் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அத்தை, "இன்னாத்துக்கும்மா அந்தப் பொட்டியப் பார்த்துக் கண்ணு கலங்கிக்கினு இருக்கற? அங்க பால் பொங்கிப் போய்க்கினு இருக்குது" என்றார்கள். பால் பொங்கிய சத்தமும் எனக்குக் கேட்கவில்லையே என்று அதற்கு வேறு ஒரு பயம்.

எனக்குப் பாட வராது, உனக்குத் தெரியும். வாசிக்கவும் வராது. இந்தக் காது ஒன்றுதான் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது. இந்த வீட்டில் நான் மருமகள், அம்சாவுக்கு அம்மா, மண்டிக்காரர் சம்சாரம். ஒரு பாட்டைக் கேட்டு, இது இன்னது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிற அந்த நொடியில்தான் நான் வேணி. அதுவும் இல்லை என்றால்?

இனிமேல் இந்தச் சீட்டு விளையாட்டு வேண்டாம். உன் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுது, போதும்.

கிருஷ்ணவேணி


விழுப்புரம்
17-2-86

என் கண்ணு வேணி,

என் வாயில் மண் விழ. நீ காது விஷயத்தைக் கடைசி வரியில் ஒளித்து எழுதியிருந்தாய், நான் ஜெயித்த தலைகனத்தில் படிக்காமலே தாண்டியிருக்கிறேன். அடிக்கவேண்டுமானால் நேரில் வந்து அடி.

ஆனால் அழுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போடுவோம். பிசகு மூன்று இடத்தில் இருக்கலாம். உன் காதில், உன் டேப் ரெக்கார்டரில், அல்லது காசெட்டில். நீ மற்ற இரண்டையும் விட்டுவிட்டு நேரே காதுக்குப் போய்விட்டாய். அம்சா தும்மினால் நிமோனியா என்று ஓடுகிறவள் வேறெப்படிச் செய்வாய்?

இத்துடன் என் காசெட்டை அனுப்பியிருக்கிறேன். மத்தியானம் பஸ்ஸில் வருகிற கண்டக்டர் மாரியப்பன் எங்கள் தெருக்காரர், மண்டியில் நேரே கொடுத்துவிடுவார். உன் டேப்பில் முதலில் உன்னுடையதைப் போடு, அடுத்து என்னுடையதைப் போடு. இரண்டும் ஒன்றரையாய்க் கேட்டால் உன் டேப் ரெக்கார்டர் வேகமாய் ஓடுகிறது, ரிப்பேருக்குக் கொடு. ஒன்று ஒன்றரையாகவும் இன்னொன்று ஒரு கட்டையாகவும் கேட்டால் காசெட்டுகளே வேறு வேறு. இது எதற்கும் அடங்காமல் நேரத்துக்கு ஒரு விதமாய்க் கேட்டால் காது டாக்டரிடம் போவோம், நானே லீவு போட்டு வருகிறேன்.

நீயாகக் கேட்டு நீயாகச் சொல்லாதே. காசெட்டை இன்னொருத்தர் மாற்றி மாற்றிப் போடவேண்டும், எது எது என்று நீ பார்க்கக்கூடாது. உன் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இது நடக்காது. சொல்லிவிடு.

உன்
செண்பகம்


திண்டிவனம்
24-2-86

அன்புள்ள செண்பகம்,

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. காசெட் வந்த அன்றே இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய் அம்சாவை அத்தையிடம் விட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தார். என்னைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லி, மாற்றி மாற்றிப் போட்டார். இடையில் ஏமாற்றுவதற்காக ஒரே காசெட்டையே எடுத்து மறுபடி போட்டிருக்கிறார். நான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒன்று. ஒன்றரை. ஒன்றரை. ஒன்று.

ஒரு தடவைகூடத் தப்பவில்லையடி.

இவருக்கே வித்தியாசம் தெரிந்துவிட்டது. "இதுல தூங்கி எழுந்த மாதிரி பாடறாரு, அதுல குளிச்சிட்டு வந்த மாதிரி பாடறாரு. ஒரே ஆளா?" என்றார். சின்னதுரைக்கு இதைவிட நல்ல மதிப்புரை எழுத வருமா சொல்.

ஆக, காசெட்டுகள்தான் வேறு. ஆனால் எது சரி? உன்னுடையது மந்தமாய்ப் பதிவானதா, என்னுடையது வேகமாய்ப் பதிவானதா? என்னுடையது தப்பென்றால் சின்னதுரை சொன்னது சரி, மனுஷர் நிஜமாகவே தளர்ந்துவிட்டார். அவர் பழைய ஒன்றரையிலேயே இருக்கிறார் என்று நான் நம்பியது வெறும் ஆசையாகிவிடும். இதை அவரிடமே போய்த் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தோம்.

பிரதோஷந்தோறும் அவர் பனமலைக் கோயிலில் பாடுவார் என்று கேள்வி. சனிக்கிழமை பிரதோஷம். இவர், நான், அம்சா மூன்று பேரும் புறப்பட்டோம். ஃபிளாஸ்க், வெந்நீர், காய்ச்சல் மருந்து, மாற்றுத்துணி என்று நான் கட்டிய மூட்டையைப் பார்த்து, குடிபோகிறீர்களா என்று பஸ்ஸில் கேட்டார்கள். விழுப்புரத்தில் இறங்கி வேறு பஸ் மாறினோம். உன் வீட்டுக்கு வரவில்லை. கோபித்துக்கொள். தோற்றால் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

ஏரிக்கரையில் நல்ல காற்று. அம்சாவின் காதைத் தலைத்துண்டால் மூடிக்கொண்டு குன்றில் ஏறினேன். பாதியிலேயே குரல் வந்தது. அவர் முகம் தெரியவில்லை, மைக் இல்லை, டேப் இல்லை, நடுவில் எந்த மோட்டாரும் இல்லை. நின்றுவிட்டேன். ஒன்றரை. எனக்குள் ஒரு துளி சந்தேகம் இல்லை.

இருந்தாலும் பாட்டு முடிந்ததும் பக்கத்தில் போய்க் கும்பிட்டு, "ஐயா, என்ன சுருதிங்க?" என்று கேட்டேன். சுருதிப் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"ஒன்றரைதாம்மா. நாப்பது வருஷமா அங்கியே குடியிருக்கேன், இன்னும் காலி பண்ணச் சொல்லல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு காசெட் கதையையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரேடியோவில் அப்படிச் சொன்னது அவர் காதுக்கும் போயிருக்கிறது. சபாக்காரர் ஒருத்தர் சித்திரைக் கச்சேரியை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பிவிட்டாராம். "எனக்கே பயம் புடிச்சிக்கிச்சி. நெசமாவே எறங்கிட்டேனோ, எனக்குத்தான் தெரியலியோன்னு பொழுது விடிஞ்சா பெட்டிய வச்சிக்கினு பாத்துக்கினு இருந்தேன்" என்றார். செண்பகம், நான் திண்டிவனத்தில் பட்ட அதே அவஸ்தையை அவர் பனமலையில் பட்டிருக்கிறார்.

நீங்களே வானொலிக்கு எழுதுங்கள் என்றேன். தன் பல்லக்கைத் தானே தூக்குவதா, நீ எழுதும்மா, உன் காதுதான் சாட்சி என்றார்.

எழுதிவிட்டேன். இரண்டு காசெட்டையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் காசெட்டைக் கொடுத்ததற்கும் சேர்த்துத் திட்டு.

உன்
வேணி


விழுப்புரம்
10-3-86

திண்டிவனம் மகாராணிக்கு,

நேற்று நீ ரேடியோ கேட்டாயா என்று கேட்கமாட்டேன். உன் பெயர் வந்தபோது நான் போட்ட சத்தம் அங்கே வரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டு டீச்சர்கள் யாருக்கோ என்னவோ என்று ஓடி வந்துவிட்டார்கள்.

சின்னதுரை பெரிய மனுஷர், வேணி. இரண்டு காசெட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினாரே! 'திண்டிவனம் திருமதி கிருஷ்ணவேணி பாண்டுரங்கன் கேட்டதே சரி. முதலில் வந்த காசெட்டுகள் மெதுவாய்ப் பதிவாகிவிட்டன என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. நான் வித்வானின் வயதைக் குறை சொன்னேன், என் முன்னால் ஓடிய நாடாவைச் சந்தேகிக்கவில்லை.'  முதலில் வந்ததையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்கிறார்களாம். கடைக்குப் போனேன், காசெட் அத்தனையும் தீர்ந்துவிட்டது. விருத்தாசலம் காசெட் இருக்கிறதா என்று எனக்கு முன்னால் நாலு பேர்.

ஆர்மோனியம் பொய் சொல்லாது என்று எழுதினேன். அது சொல்லவில்லைதான். நான்தான் கிடைத்ததை வைத்துக்கொண்டு உன்னைக் குத்தினேன். உன் காது உன் காதுதான்.

ஆனால் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டு என் வீட்டுக்கு வராமல் போனாயே, அதற்கு மன்னிப்பு கிடையாது.

செண்பகம்


திண்டிவனம்
9-4-86

என் அன்புச் செண்பகத்துக்கு,

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள்.

வானொலி நிலையத்திலிருந்து எனக்கு ஓலை வந்தது. 'புதுநாடா'வில் ஒரு காசெட்டை நானே மதிப்புரை செய்யவேண்டுமாம். நான் மாட்டேன் என்றேன். குழந்தையை யார் பார்ப்பது, அங்கே பேச்சு வராமல் நின்றுவிட்டால் என்ன செய்வது, அம்சாவுக்கு ஏசி ஆகுமா ஆகாதா. அத்தைதான் முடிவு கட்டினார்கள். "ஊருக்கே உன் காது நல்ல காதுன்னு ரேடியோக்காரன் சொல்லிட்டான். நீ இன்னாடான்னா பயந்துக்கினு கெடக்கற. கெளம்பு, புள்ளய நான் தூக்கிக்கினு வர்றேன்." கிளம்பினோம், நாலு பேரும்.

நேற்று பதிவு முடிந்தது. கண்ணாடி அறை, மேலே சிவப்பு விளக்கு. உள்ளே போகும்வரை அம்சாவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு எரிந்ததும் ஒரு பயமும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப்புறம் சின்னதுரை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் ஓலையிலேயே சொல்லியிருந்த காசெட் எது தெரியுமா? உன் தெய்வம், வீணை பூமாலை அம்மாளுடையது. நீ அந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை பொறுக்கமாட்டாய் என்பது எனக்குத் தெரியாதா? பஸ்ஸில் போகிற வழியெல்லாம் அதுதான் யோசனை. செண்பகம் மனசு நோகாமல் நாலு வார்த்தை நன்றாய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாமா என்று. கமகம் அற்புதம், அதைச் சொன்னேன். தோடியில் அந்த நிதானம் வேறு யாருக்கும் வராது, அதையும் சொன்னேன். ஆனால் தானம் வாசிக்கும்போது வண்டியைப் பிடிக்கிற அவசரம் இருக்கிறது, செண்பகம். பல முறை கேட்டேன். இரண்டு கடையில் இரண்டு காசெட் வாங்கி, இவரைவிட்டு மாற்றி மாற்றிப் போடச் சொல்லியும் கேட்டேன். அவசரம் அந்த அம்மாளுடைய கையில்தான் இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

வருகிற ஞாயிறு காலை ஒலிபரப்பு. கேள். உனக்குக் கோபம் வரும், வரட்டும். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் சரி, கோவில் பாட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் கூட்டி வந்தாலும் சரி, அந்தத் தானம் அவசரம்தான்.

என்றும் உன்
கிருஷ்ணவேணி